வாத்தியார் வீட்டில் கட்டிய பசு

1

எனக்கு அறுபத்து நாலு வயது நடக்கிறது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். இரண்டு பேர், அம்மை கண்டு போய்ச் சேர்ந்த என் நாத்தனார் விட்டுப்போன பிள்ளைகள். என் பிள்ளை, அவள் பிள்ளை என்று பிரித்து ஒரு நாளும் சோறு போட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் எழுதப் போவதெல்லாம் குறைதான். குறை சொல்கிறவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் என்று யாரும் நினைக்கக் கூடாது.

நான் பிறந்தது பெண்ணையாற்றுக்குத் தெற்கே, கடலூரைச் சேர்ந்த ஊரில். அது அப்போது இங்கிலீஷ்காரன் சீமை. வாழ்க்கைப்பட்டது ஆற்றுக்கு வடக்கே, பாகூர் வட்டாரத்தில்; இங்கே அதைக் கொம்யூன் என்பார்கள். இது பிரெஞ்சுக்காரன் சீமை. கப்பலேறி ரங்கூனுக்கும் சைகோனுக்கும் போனவர்கள்தான் அந்நிய நாட்டில் இருக்கிறார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே அந்நிய நாட்டுக்கு வந்தவள். வந்த புதிதில் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இங்கேயும் நெல், கரும்பு, அதே மாரியம்மன். போகப் போகத்தான் தெரிந்தது. பிள்ளை பிறந்தால் மேரியில் போய் எழுத வேண்டும். மேரி என்றால் கொம்யூன் கச்சேரி. கல்யாணம் கட்டினாலும் அங்கே போய் எழுத வேண்டும். என் பெயரை ஒருமுறை பிரெஞ்சில் எழுதிப் படித்தார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் பேசாமல் நின்றுவிட்டேன்.

போன பங்குனியில் தம்பி கலியபெருமாள் தன் பேரனுக்குக் காது குத்தினான். போய்விட்டு வந்தேன். அந்தப் பக்கம் சுதந்திரம் வந்துவிட்டது. இந்தப் பக்கம் இன்னும் பிரெஞ்சுக் கொடிதான். அதனால் நடுவில் சுங்கச் சாவடி. என் மூட்டையை அவிழ்த்து இரண்டு ரவிக்கைத் துணியையும் வெற்றிலைப் பெட்டியையும் உதறிப் பார்த்தார்கள். தம்பி வீட்டுக்குப் போனால் பந்தியில் பெண்கள் "பிரான்சுக்காரி வந்துட்டா" என்று சிரித்தார்கள். கடலூரில் வாத்தியார்மார் எல்லாம் சம்பளம் போதவில்லை என்று கூட்டம் போடுகிறார்களாம். தம்பி பெண்டாட்டி எனக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள், "உங்க பக்கத்துல வாத்தியாருக்கு ராஜபோகமாமே அண்ணி. வூடு சும்மா, நெல்லு சும்மா, பசு மாடு வேற."

நான் பாயசத்தைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பசு மாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை, எழுதவும் கை வரவில்லை. வாத்தியார் என்றே எழுதுகிறேன். ஊர் கிருமாம்பாக்கத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். அதன் பெயரும் வேண்டாம். அந்த மனிதர்கள் நடுவில்தான் இன்னும் இருக்கிறேன்.

பள்ளிக்கூடம் என்பது ஊர்ப் பெரியதனக்காரர் ஆறுமுகத்தின் நெல் கொட்டகை. பாதியில் பள்ளிக்கூடம், பாதியில் எங்கள் குடித்தனம், நடுவில் பனை ஓலைத் தட்டி. ஒரே வாத்தியார், நாலு வகுப்பு. ஒரு வகுப்பு எழுதும்போது ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லும், ஒரு வகுப்பு பிரெஞ்சுப் பாட்டுப் பாடும், சின்னதுகள் அழும். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் உலை வைத்துக்கொண்டே, காதால் கேட்டும் ஓலை இடுக்கில் பார்த்தும் எழுத்துக் கற்றவள். அதனால்தான் எழுத வருகிறது; எழுதினதைத் திருப்பிப் படிக்கத்தான் இப்போது கண் போதாது. அறுப்புக் காலத்தில் நெல் மூட்டை வந்து இறங்கும். அப்போது பள்ளிக்கூடம் பூவரச மரத்தடிக்குப் போகும். மழை வந்தால் எல்லாப் பிள்ளைகளும் என் அடுப்பங்கரைக்கு வரும்.

பாடம் நடத்துவது மட்டும் வேலை இல்லை. பிறப்பு இறப்பு எழுத வேண்டும். அம்மை குத்துகிறவன் வந்தால் ஊரைக் கூட்ட வேண்டும். சைகோனில் பட்டாளத்திலும் கச்சேரியிலும் இருக்கிற பிள்ளைகளுக்குத் தாய்மார் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். பட்டணத்தில் சம்பளம் போடுவார்கள். இவர் விடியும் முன்பே எழுந்து புதுச்சேரிக்கு நடந்துபோய் வாங்கி வர வேண்டும். போன நாளில் பள்ளிக்கூடம் ஏன் மூடிக் கிடந்தது என்று பிறகு ஒரு கேள்வியும் வரும். சம்பளம் வாங்கப் போனேன் என்று இவர் பதில் எழுதுவார். அடுத்த மாதமும் அதே கேள்வி, அதே பதில்.

இவரோடு ஒன்றாகப் பரீட்சை கொடுத்தவர் கோவிந்தசாமி வாத்தியார். இவரைவிடக் குறைந்த மார்க்குதான். அவருக்குப் பட்டணத்துப் பள்ளிக்கூடம் வாய்த்தது. ஒரு மாசிமகத்துக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் பெண்டாட்டி முத்துலட்சுமி தெருமுனைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து காட்டினாள். கிணறு இல்லை, கயிறு இல்லை, தண்ணீர் தானாக வந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு ஒரு வாத்தியார், மணி அடிக்க ஒரு ஆள், உட்காரப் பலகை. சம்பளம் இவரைவிட அதிகம். அதற்கு மேலே வீட்டு வாடகைக்கென்று தனியாக ஒரு தொகை. கிராமத்து வாத்தியாருக்கு ஊரே வீடு கொடுக்கிறதாம், அதனால் வாடகைப் பணம் கிடையாது. நெல் மலிவாம், அதனால் சம்பளமும் அவ்வளவு வேண்டாமாம்.

முத்துலட்சுமியும் குறைதான் பட்டாள். வாடகை ஏறுகிறது, விறகு விலைக்கு வாங்க வேண்டும், ஒரே அறையில் எட்டுப் பேர் என்றாள். "உனக்கு இன்னாடி, ஊரே தாங்குது" என்றாள். ஊர் தாங்குகிறது, அது பொய்யில்லை. யார் வீட்டில் கறி சமைத்தாலும் ஒரு கிண்ணம் வரும். அறுப்பு முடிந்தால் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் வரும். யார் எப்போது கொடுப்பார்கள் என்பது மட்டும் தெரியாது. ஐப்பசியில் அடை மழை பிடித்தால் அவர்களுக்கே இருக்காது, எனக்கு எங்கே வரும்? வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. சம்பளம் என்றால் கேட்கலாம். மரியாதையாக வருவதைக் கேட்டு வாங்க முடியுமா?

3

எங்கள் மூத்தவன் சதாசிவம் நன்றாகப் படித்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்புக்கு மேல் இல்லை. மேலே படிக்கப் பட்டணம்தான். அங்கே விட்டுப் படிக்க வைக்க எங்களிடம் வசதி இல்லை. கோவிந்தசாமி வீட்டில் இடம் இல்லை. அப்போது பட்டணத்தில் வயதான வாத்தியார் ஒருவர் பென்ஷனில் போனார். அந்த இடத்தைக் கேட்டு இவர் மனு எழுதினார். கொட்டகை ஒழுகுகிறது, நாலு வகுப்புக்கு ஒரே ஆள், ஆறு பிள்ளைகள், சம்பளம் சாப்பாட்டுக்கே பற்றவில்லை என்று எழுதினார். எழுதின அத்தனையும் உண்மை. எனக்குப் படித்துக் காட்டினார். சாப்பாடு என்ற வரியை மட்டும் வேகமாகத் தாண்டிவிட்டார். மானமுள்ள மனிதர்.

சதாசிவம் அன்றைக்கே தன் புத்தகங்களைத் துணியில் கட்டிவைத்துவிட்டான். அவனுக்குப் பதினாலு வயது.

மனு போய் வெகு நாள் கழித்துப் பதில் வந்தது. இன்ஸ்பெக்டர் துரை நேரில் வந்து பள்ளிக்கூடத்தையும் வாத்தியார் குடியிருக்கும் வீட்டையும் பார்ப்பார் என்று. அதைக் கொண்டுவந்தவன் மேரிக் கச்சேரியின் சேவகன். எங்களிடம் சொல்லும் முன்பே வழியில் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்துவிட்டான். "வாத்தியார் வூட்டப் பாக்கப் பெரிய துரை வராரு" என்றுதான் ஊருக்குத் தெரியும். எதற்கு வருகிறார் என்று தெரியாது. மனு கொடுத்ததும் தெரியாது.

அன்று சாயங்காலமே ஆறுமுகம் நாலு பேரோடு வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். மேலே அண்ணாந்து ஓட்டையைப் பார்த்தார். மறுநாள் காலையில் வண்டி வண்டியாகக் கரும்புத் தோகை வந்து இறங்கியது. பத்து வருஷமாக ஒழுகின கூரையை இரண்டு நாளில் வேய்ந்துவிட்டார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு. பெண்கள் சாணி போட்டு மெழுகிக் கோலம் இட்டார்கள்.

ராத்திரி இவரிடம் சொன்னேன், "நீங்க எழுதனது ஒண்ணு, துரை பாக்கப் போறது ஒண்ணு. அவங்ககிட்ட சொல்லிடுங்களேன்."

"இன்னான்னு சொல்றது? உங்க சோத்தத் துன்னுக்கினே, எனக்குச் சோறு பத்தலன்னு எழுதிட்டேன்னா?" என்றார். அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

4

துரை வருகிற அன்றைக்குக் காலையில் பக்கத்து வீட்டு அஞ்சலை தன் சீர்வரிசைப் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து என் அடுப்பங்கரையில் வைத்தாள். அவள் வைத்ததைப் பார்த்து அடுத்தவள் அண்டாவைக் கொண்டுவந்தாள். பிறகு குத்துவிளக்கு, வெள்ளி டம்ளர், ஜமக்காளம், கொசுவலைக் கட்டில். சைகோனில் மகன் இருக்கிற வீட்டிலிருந்து ஒரு நாற்காலி, பீங்கான் தட்டு. ஆறுமுகம் தன் கறவைப் பசுவைக் கன்றோடு ஓட்டிவந்து வாசல் வேப்ப மரத்தில் கட்டச் சொன்னார். கழுத்தில் மணி, கொம்பில் மஞ்சள்.

நான் அந்தப் பசுவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா வாத்தியாரம்மா, மாட்டப் பாக்காத மாதிரி பாக்கற? நவுரு, சாணி அள்ளணும்" என்றாள் அஞ்சலை.

"இதெல்லாம் எதுக்கு அஞ்சல?" என்றேன்.

"எதுக்கா? நெட்டப்பாக்கத்துல துரை போனப்ப வாத்தியார் கோரப்பாயில உக்காந்துக்கினு இருந்தாராம். ஊரே தல குனிஞ்சிடுச்சாம். எங்கூர்ல அப்டி நடக்குமா? துரை போயி நாளைக்குச் சொல்லட்டும், இந்த ஊர்க்காரன் வாத்தியார எப்டி வெச்சிக்கினு கீறான்னு."

அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அவள் மகனுக்கு எழுத்தறிவித்தவர் என் வீட்டுக்காரர். அந்தக் குடம் அவளுடைய தாய் வீட்டுச் சொத்து. திருவிழாவுக்குக்கூட வெளியே எடுக்கமாட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி கலியபெருமாளும் வந்து சேர்ந்தான். அவனுக்குப் பெண் நிச்சயம் செய்திருந்தார்கள். அழைக்க வந்தவன் வாசலில் பசுவையும் உள்ளே கட்டிலையும் பார்த்துவிட்டு, வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போகப் பார்த்தான். ஆறுமுகம் அவனைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து வெள்ளி டம்ளரில் மோர் கொடுத்தார். அவன் ஊருக்குப் போய்ச் சொன்னதுதான் இன்றுவரை கடலூர்ப் பக்கத்தில் என் கதை. கஷ்டம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியனுப்பியிருந்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். சொல்லியனுப்பவும் இல்லை. பிறந்த வீட்டில் தலை நிமிர்ந்து நிற்க ஒன்று கிடைத்தது, அதை ஏன் விட வேண்டும்?

துரை மோட்டாரில் வந்தார். சிவப்பு முகம், நல்ல மனிதர்தான், பிள்ளைகள் தலையைத் தடவினார். கூடவே மொழிபெயர்க்க ஒரு தமிழர். வகுப்பைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கையிலிருந்த மனுவைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் வந்தார். கட்டில், அண்டா, குத்துவிளக்கு எல்லாவற்றையும் பார்த்தார். இவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

மொழிபெயர்ப்பவர் கேட்டார், "வீடு ஒழுகுது, சாப்பாட்டுக்குக் கஷ்டம்னு எழுதியிருக்கீங்க. துரை கேக்கறார், அது இந்த வீடுதானா?"

ஊர் முழுக்க வாசலில் நிற்கிறது. நான் தட்டிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாத்திரமெல்லாம் இரவல் என்று. இவர் வாயைத் திறந்தார். அதற்குள் ஆறுமுகம் முன்னால் வந்து இரண்டு கையையும் கூப்பினார்.

"அவருக்கு இன்னா கொற சாமி? அவரு அடக்கமா எழுதியிருப்பாரு. அவரு கேக்க மாட்டாரு, நாங்க கேக்க வெக்க மாட்டோம். எங்க தலமொற கீற வரிக்கும் வாத்தியாருக்கு நாங்க கீறோம்."

துரை இவரைப் பார்த்தார். இவர் ஊரைப் பார்த்தார்.

"ஆமாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

துரை சிரித்துக்கொண்டே பிரெஞ்சில் ஏதோ சொல்லிப் பசுவின் நெற்றியைத் தட்டினார். ஊரெல்லாம் சிரித்தது. பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியாருக்கே மாடு கிடையாது என்றாராம். இதைப் பிறகு இவர்தான் சொன்னார்.

துரையின் மோட்டார் புழுதி அடங்கும் முன்பே அவரவர் பாத்திரத்தை எடுக்க வந்துவிட்டார்கள். இரண்டு பேருக்கு அண்டா மூடி மாறிப்போய்ச் சண்டை வந்தது. நான்தான் தீர்த்து வைத்தேன். ஆறுமுகம் பசுவைக் கடைசியாக அவிழ்த்தார். அது போகமாட்டேன் என்று காலை ஊன்றி நின்றது. "பாத்தியா, அதுக்குக்கூட வாத்தியார் வூடு புடிச்சிப் போச்சி" என்றார்.

சதாசிவம் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய், கட்டிவைத்த துணியை அவிழ்த்துப் புத்தகங்களை மறுபடியும் மாடத்தில் அடுக்கினான்.

5

பட்டணத்து இடம் வேறு யாருக்கோ போயிற்று. மேரியில் இவரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். இத்தனை மரியாதையை விட்டுவிட்டுப் பட்டணத்தில் வாடகைக்கு வந்தால் உமக்குத்தான் நஷ்டம் என்று துரை நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கிறாராம். ஊரை மெச்சியும் இரண்டு வரி இருந்ததாம். அந்த இரண்டு வரியை மட்டும் இவர் ஊருக்குச் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வீடு கற்கண்டு கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். வாயில் போட்டுக்கொண்டேன்.

சதாசிவம் இரண்டு வருஷம் அப்பாவுக்குக் கூடமாட இருந்து சின்ன வகுப்புக்குப் பாடம் சொன்னான். அதற்குச் சம்பளம் இல்லை. பிறகு ஒரு நாள் புதுச்சேரித் துறையில் படகேறிக் கப்பலுக்குப் போனான். சைகோனில் இருக்கிறான். அவன் கட்டிக்கொண்டது அந்த ஊர்ப் பெண்ணை. பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. உலகச் சண்டை நடந்த காலத்தில் கப்பல் இல்லை, கடிதம் இல்லை, இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் இருந்தேன். சண்டை ஓய்ந்தபின் ஒரு முறை வந்தான். நான் என்ன கேட்டாலும் "ஊய்" என்றான். ஆமாம் என்று அர்த்தமாம். அவன் அப்பா இறந்துபோன சமாச்சாரத்தைச் சொன்னபோதும் அதையே சொல்லிவிட்டு, பிறகு அழுதான்.

வாத்தியார் பென்ஷன் வாங்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டார். ஊர் ஒரு வாரம் அடுப்பு மூட்டவில்லை என்று சொன்னால் நம்புங்கள். காரியம் முடிந்ததும் நான் தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்றேன். ஆறுமுகத்தின் மகன் சொன்னான், "எங்கப்பன் சொன்ன வார்த்த கீது. நீங்க கீற வரிக்கும் இது உங்க வூடு. நீங்க போய்ட்டா, வாத்தியார் போனதும் பொண்டாட்டியத் தொரத்திட்டானுங்கன்னு ஊரு பேசும்."

அதனால் இருக்கிறேன். காலையில் எழுந்து வாசல் தெளித்து, மகள் வீட்டிலிருந்து வந்து என்னோடு தங்கியிருக்கிற பேத்தி கமலாவுக்குக் கஞ்சி வைத்து, தட்டிக்கு அந்தப் பக்கம் அனுப்புகிறேன். புது வாத்தியார் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து நடந்து வருகிறார். வேர்த்து விறுவிறுத்து வந்து என்னிடம்தான் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அவரும் வாடகைப் பணம் கேட்டு எழுதினார். உமது ஊரில் வாத்தியாருக்கு வீடு உண்டு என்று பதில் வந்ததாம். அந்த வீட்டில் நான் இருக்கிறேன். அதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் இன்னொரு சொம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

காது குத்தன்று தம்பி தனியே கூப்பிட்டு, "வந்துடுக்கா. சாவடிய இன்னும் இறுக்கப் போறாங்கன்னு சொல்றாங்க. அப்றம் நெனச்சா வர முடியாது" என்றான். சரி என்றேன். வந்த அன்றே அஞ்சலையிடம் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அவள் வழியிலேயே நின்றிருந்தாள். கூன் விழுந்த முதுகோடு என் மூட்டையை வாங்கிக்கொண்டு, "அங்க சோறு கீறு துன்னியா? எளச்சிப் போய்க்கீற" என்றாள். வீட்டில் எனக்கு வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். அந்த வெந்நீரில் குளித்தேன். இன்னும் சொல்லவில்லை.

கடலூரில் கூட்டம் போடுகிற வாத்தியார்மாருக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் சம்பளத்தைக் கேட்டு வாங்குங்கள். ஊர் கொடுக்கும், ஊர் நல்லது. ஆனால் அந்த ஊரை நம்பி மேலிடத்தான் கையை மடக்கிக்கொள்வான். பிறகு நீங்கள் இரண்டு பேரிடமும் வாயைத் திறக்க முடியாது.

இவ்வளவுதான் எழுத முடிந்தது. எழுத்து எங்கெங்கே தப்போ எனக்குத் தெரியாது. கமலா பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். இதை அவள் கையில் கொடுத்து, முதலிலிருந்து படித்துக் காட்டு என்று சொன்னேன். பத்து வயதுப் பெண், வகுப்பில் படிக்கிற மாதிரி தொண்டையைத் திறந்து "எனக்கு அறுபத்து நாலு வயது" என்று ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டில் அஞ்சலை முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் நின்றது.

"மெதுவாடி" என்றேன். "மொதல்ல கதவச் சாத்திட்டு வா. அப்றம் படி."